ஒன்றிலிருந்து வந்தவன்

உடையார்கட்டில் சிற்றம்பலம் மாஸ்டரிடம் படித்த பிள்ளைகள் யாரும் பல்கலைக்கழகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணால்தான் சொல்வார்கள். தங்கராசாவின் பெடியன் ஒண்டில, பிரேமிளா நாலில என்றால் ஊருக்கே விளங்கும். மீன் விற்க வருகிறவருக்கும் விளங்கும். புதிதாக இடம்பெயர்ந்து வந்தவர்கள் மட்டும் என்ன எண் இது, ஏது எண் இது என்று ஒரு கிழமை முழித்துவிட்டு, பிறகு அவர்களும் எண்ணிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எண்கள் எல்லாம் மாஸ்டரின் ரியூசன் கொட்டிலில் தொங்கிய பலகையிலிருந்து வந்தவை. பெயர்தான் பலகை. உண்மையில் அது தார்ப் பீப்பாயை வெட்டி, அடித்து நிமிர்த்தி, கரி பூசிய தகரம். அதில் ஒன்று முதல் ஏழு வரை பல்கலைக்கழகங்களின் பெயர்கள் சுண்ணாம்பால் எழுதப்பட்டிருக்கும். கொட்டிலின் கூரைக் கிடுகு ஒழுகுகிற கிடுகு. மாரி மழையில் சுண்ணாம்பு கரைந்து ஓடிவிடும். ஆகவே மாசியில் மறுபடி எழுதியாக வேண்டும். எழுதுவதற்கு மாஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்றிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிற பிள்ளைதான் எழுத வேண்டும். கண்ணால் கண்டவன் எழுதினால்தான் எழுத்துக்கு மதிப்பு என்பார். அன்றைக்கு மாலை உண்டு, பேச்சு உண்டு, அவலும் பிளேன்ரீயும் உண்டு. போரும் பசியும் மாறி மாறி மிதித்த ஊரில் அது ஒரு சின்னத் திருவிழா.

2001 மாசியில் எழுத வேண்டியவன் பிரதீபன்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு அடிபட்டு வந்த குடும்பம் அவனுடையது. இரணைமடுப் பக்கம் காடு வெட்டி, வயல் கூலி செய்து, ஒரு துண்டுக் காணியைத் தங்களுடையது என்று சொல்லத் தொடங்கிய நேரத்தில் அங்கிருந்தும் எழும்பி உடையார்கட்டுக்கு வந்தார்கள். தகப்பன் சுடலைமுத்து மலேரியாவில் போய்விட்டார். தாய் அழகம்மா கச்சான் கடலைத் தோட்டங்களில் வேலை செய்து மகனையும் மகள் சுரேகாவையும் படிக்க வைத்தாள். அந்தப் பிள்ளை ஒன்றுக்கு எடுபட்டான் என்றபோது, அதுவரை அழகம்மாவின் வீட்டுப் படலையைத் திறந்தறியாத ஆட்களெல்லாம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்கப் பிணை வேண்டும். போனவன் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களே பின்வாங்குகிற அந்தக் காரியத்துக்கு, கேட்பதற்கு முதலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் சிற்றம்பலம் மாஸ்டர். கையெழுத்து வைத்த கையோடு பிரதீபனின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டின் கனம் இரண்டு வருடமாக அவன் முதுகை விட்டுப் போகவில்லை.

ஒன்றில் அவனை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. கொடுமைப்படுத்தியிருந்தால் சொல்வதற்காவது ஒரு கதை இருந்திருக்கும். அவனுடைய வகுப்பில் இருந்த எல்லோரும் ஏதோ ஓர் ஊரின் முதலாம் பிள்ளைகள். முதலாம் பிள்ளைகளை எல்லாம் அள்ளிவந்து ஒரே மண்டபத்தில் இருத்தினால் ஒருவன்தான் முதலாவதாக வருவான், மற்றவர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக வராமல் போவார்கள். இந்தச் சின்னக் கணக்கைக் கணித மாஸ்டரான சிற்றம்பலம் ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை. விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும். பிரதீபன் கண்ணில் பட்டதைக் கொப்பியில் கீறிக்கொண்டு வருவான். விடுதிக்கு வந்த பிறகு கொஞ்சம் விளங்கும், சில நாள் ஒன்றுமே விளங்காது. மாவட்டக் கோட்டாவில் வந்த பெடியன் என்று யாரோ சிரித்துக்கொண்டு சொன்னது அவன் காதில் விழுந்தது. சொன்னவன் அன்றைக்கே மறந்திருப்பான். இவன் மறக்கவில்லை. அடையாள அட்டையில் முல்லைத்தீவு என்று இருந்தபடியால் காவலரண் ஒவ்வொன்றிலும் ஒதுக்கி நிறுத்தினார்கள். அவன் வெளியே போவதை விட்டுவிட்டான். முதல் வருடச் சோதனையில் இரண்டு பாடம் தவறியது. ஊருக்குப் போன கடிதங்களில் நான் நலம் என்றே இருந்தது, ஏனென்றால் வேறு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அங்கே அவனுக்கு முன்பே போயிருந்தவன் தங்கராசாவின் மகன் சுமன். பிரதீபன் அங்கே போவதற்கு முந்திய மாசியில் பலகை எழுதியவன் அவன்தான். முத்து முத்தான எழுத்து. கொட்டிலின் முன் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பிரதீபன், அந்த எழுத்தைப் பார்த்துத்தான் தன் விண்ணப்பத்தில் ஒன்றை முதலாவதாகப் போட்டான். பல்கலைக்கழகம் போன முதல் கிழமையே சுமனைத் தேடிக்கொண்டு விடுதிக்குப் போனான். மத்தியான நேரம், யன்னல் சாத்தியிருந்தது. சுமன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். ஊர்க்கதை ஒன்றும் கேட்கவில்லை.

"நான் எழுதினதைப் பாத்தே வந்தனி?" என்றான்.

"ஓம் அண்ணை."

சுமன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு, "எனக்கும் ஒருத்தர் எழுதிக் காட்டினவர்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு சுமன் கொஞ்சம் கொஞ்சமாக விரிவுரைக்குப் போவதை நிறுத்தினான். கடைசி ஆறேழு மாதம் அறையை விட்டே இறங்கவில்லை. போன மாசியில் பாதை பூட்டு, இருவரும் ஊருக்கு வரவில்லை, பலகை அரைகுறையாகக் கிடந்தது. இந்த மாசியில் பாதை திறந்தும் சுமன் வரமாட்டேன் என்றான். அப்பாவிடம் நல்லாயிருக்கிறேன் என்று சொல்லு, வேறு ஒன்றும் சொல்லாதே என்று பிரதீபனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஊருக்கு வருவதற்காக வவுனியாவில் இராணுவத்தின் பாஸுக்குக் காத்திருந்த நாட்களில் பிரதீபன் சரீப் நானாவின் வீட்டில் தங்கினான். அவர் மகன் சிறாஜ் இவனுடைய கூட்டாளி. பிரதீபன் இரணைமடுவிலிருந்து போய் முல்லைத்தீவில் கொஞ்சக் காலம் தங்கிப் படித்தபோது ஒரே வாங்கில் இருந்தவர்கள். தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாம் வெளியேற வேண்டி வந்தபோது சிறாஜும் போனான். இப்போது அவன் படிப்பது மாஸ்டரின் பலகையில் ஐந்தாவதாக நிற்கிற இடத்தில். பாடத்தில் எப்போதும் பிரதீபனுக்குப் பின்னால்தான் வருவான். அவன் தன் விடுதியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். ஆறு பேர் சேர்ந்து ஒரு பானையில் சமைப்பது, வெள்ளிக்கிழமை பின்னேரத்துக் கிரிக்கெட், தமிழில் விளக்கம் சொல்லி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற விரிவுரையாளர். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிரதீபனும் கூடச் சிரித்தான். அப்போதுதான் தான் சிரித்துக் கனகாலம் என்பது அவனுக்கு உறைத்தது.

பிறகு சிறாஜ், "உன்ர இடம் எப்பிடி மச்சான்?" என்று கேட்டான்.

நல்லம் என்றான் பிரதீபன். சிறாஜின் முகம் சுருங்கிவிட்டது. நானும் இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம் என்றான். நான் எங்கே படிக்கிறேன் என்று வாப்பா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதில்லை, கம்பஸ் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவார் என்றான். சந்தோசமாக இருந்தவன் வெட்கப்பட்டான். சந்தோசம் கெட்டவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். இதைவிடப் பெரிய மடைத்தனம் உலகத்தில் இருக்க முடியாது என்று பிரதீபனுக்குத் தோன்றியது. தோன்றியும் நெஞ்சை அவன் இறக்கவில்லை.

ஊருக்கு வந்து கிணற்றடியில் குளித்து முடிப்பதற்குள் தங்கராசா சைக்கிளில் வந்து இறங்கினார். வயலும் மாடும் உள்ள பெரிய கமக்காரர், சத்தமாகக் கதைக்கிற மனிதர். சுமன் எப்படி என்றார். நல்லாயிருக்கிறார் ஐயா என்றான் பிரதீபன், துவாயால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அவரைப் பாராமல். அவ்வளவு போதும் அவருக்கு. பின்னேரம் ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுத்தனுப்பினார். அழகம்மா அதை மகனுக்கு ஊற்றி ஊற்றி வைத்தாள். அவனால் அதை விழுங்க முடியவில்லை.

சுரேகா இந்த முறைதான் உயர்தரம் எழுதியிருந்தாள். அண்ணனைவிட நல்ல பெறுபேறு. எந்த இடத்துக்கும் எடுபட வேண்டிய வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள், எங்கே கேட்டாலும் கிடைக்கும். விண்ணப்பம் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். எந்த இடத்தை முதலாவதாகப் போடுவது என்று ஊரே அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. விழாவுக்கு முதல்நாள் காலையில் குளக்கட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள், வாளி தூக்க வந்த அண்ணனை நிறுத்தினாள்.

"நாளைக்கு நீ பலகையில எதை முதல் எழுதிறியோ அதைத்தான் நான் போடுவன். மாஸ்டர் சொன்னதுக்காக இல்லை, வெட்டுப்புள்ளிக்காகவும் இல்லை. நீ கண்டனி தானே."

பிரதீபன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பாதித் தண்ணீர் வழியில் சிந்திப் போனது. இப்போதே இவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொன்னால் அம்மாவுக்குப் போகும், அம்மாவிடமிருந்து மாஸ்டருக்குப் போகும், பிணை நின்ற மனிதனின் முகம் தொங்கிப் போகும். சொல்லாவிட்டால் சுரேகாவும் ஒருநாள் ஒரு அறையில் யன்னலைச் சாத்திவிட்டுக் கிடப்பாள். அவள் இவனைப் போல இல்லை, வாயாடி, எங்கே விட்டாலும் பிழைப்பாள் என்று மனதைத் தேற்றிப் பார்த்தான். சுமனும் அப்படித்தான் வாயாடியாக இருந்தவன்.

அடுத்த நாள் பின்னேரம் கொட்டில் நிறைந்து வழிந்தது. முன் வாங்குகளில் இந்த முறை விண்ணப்பிக்கிற பிள்ளைகள், நடுவில் சுரேகா. தாய்மார் பின்னால். தங்கராசா மாலையோடு கதிரையில் இருந்தார். மாஸ்டர் பேசினார். தான் நாலு புள்ளியால் பல்கலைக்கழகம் தவறிய கதையை வழக்கம்போலச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும், ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில். தோட்டத்திலிருந்து வந்த ஏழைப் பிள்ளையை ஒன்றில் கொண்டுபோய் வைத்தோம் என்றார். அழகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அது பெருமையா, வேறொன்றா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

எண்களை மாஸ்டர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், ஒன்று முதல் ஏழு வரை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெறும் கரி. சுண்ணாம்புச் சிரட்டையையும் தும்புத் தூரிகையையும் பிரதீபனிடம் நீட்டினார். அவன் தோய்த்தான். கையை உயர்த்தினான். சுண்ணாம்பு வழிந்து மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்தது. முதுகில் சுரேகாவின் கண் நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"எழுது தம்பி" என்றார் மாஸ்டர்.

"எனக்கு எழுதத் தெரியேல்லை சேர்."

அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துச் சனம் சிரித்தது. அவன் திரும்பி நின்றான்.

"நான் ஒண்டை மட்டும்தான் கண்டனான். மற்ற ஆறையும் காணேல்லை. அது எதுக்கு முன்னால, எதுக்குப் பின்னால எண்டு நான் எப்பிடிச் சேர் எழுதுறது?"

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை, பாடம் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வெட்டுப்புள்ளி இருக்கிறதே, எது கூட நிற்கிறதோ அது முதலாவது, இதில் என்ன மயக்கம் என்றார். பிரதீபன் தாழ்ந்த குரலில், எல்லோரும் அதை முதலாவதாகப் போடுகிறபடியால்தான் அதன் வெட்டுப்புள்ளி கூட நிற்கிறது, வெட்டுப்புள்ளி கூட நிற்கிறபடியால்தான் எல்லோரும் அதை முதலாவதாகப் போடுகிறோம் என்றான். போனவர்கள் திரும்பி வந்து மாலை போட்டுக்கொண்டு அதையே எழுதிவிட்டுப் போகிறோம், இதுவரை இந்தக் கொட்டிலில் நடந்தது இவ்வளவுதான் என்றான். மாஸ்டர் கணக்குத் தெரிந்த மனிதர். சுற்றிச் சுற்றித் தன்னிலேயே வந்து முடிகிற கணக்கை அவருக்குக் காட்டித்தர வேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றினார், வேட்டித் தலைப்பால் துடைத்தார், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னால் இருந்து அழகம்மா எழும்பினாள். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தவள் அல்ல. இருபது வருடத்துக்கு மேல் வன்னியில் இருந்தும் தோட்டத்துப் பேச்சு அவள் நாக்கை விட்டுப் போகவில்லை, அதற்காகவே கூட்டங்களில் பேசாமல் இருப்பாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ அங்க சந்தோசமா இருக்கியா சாமி?"

படிப்பு எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பாடு எப்படி, குளிரா, சிங்களம் பிடிபட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவனே தன்னைக் கேட்டதில்லை.

"இல்லம்மா" என்றான்.

சுரேகா அழுதாள், துடைக்காமல் அழுதாள். மாஸ்டர் வாங்கின் நுனியில் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பிரதீபன் தாங்கியிருப்பான்.

தங்கராசா கதிரையை விட்டு எழும்பினார். மாலை இன்னும் கையில் இருந்தது. அந்தப் பெரிய குரலைக் காணவில்லை.

"அப்ப சுமன்?"

பிரதீபன் சிரட்டையைக் கீழே வைத்தான். சத்தியம் செய்த கை சுண்ணாம்பாக இருந்தது.

"நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லச் சொன்னவர் ஐயா. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். ஆனா அவர் படிக்கப் போறேல்லை. ஆறேழு மாசமா அறையை விட்டு இறங்கிறேல்லை."

மகனை ஒன்றில் சேர்த்தவர் என்று பத்து ஊருக்குப் பெயர் எடுத்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. சோதனை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"சாப்பிடுறவனே?"

"கொண்டுபோய்க் குடுத்தா சாப்பிடுவார்."

"ஆர் குடுக்கிறது?"

"நான்தான் ஐயா."

தங்கராசா தலையை ஆட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நீ இஞ்ச நிக்கிறாய். இப்ப ஆர் குடுக்கினம்?"

ஊருக்கு வருகிற அவசரத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டு வரவேண்டும் என்று பிரதீபனுக்குத் தோன்றியிருக்கவில்லை. பலகையைப் பற்றி, மாஸ்டரைப் பற்றி, தன்னைப் பற்றி வழி முழுக்க நினைத்தவனுக்கு இது ஒன்று மட்டும் மனதில் வரவில்லை. அவன் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் தங்கராசா, பிரதீபன், மாஸ்டர் மூன்று பேரும் சுமனைக் கூட்டிவரப் பாஸ் எடுக்கப் பாஸ் அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். பாஸ் கிடைக்க நாலைந்து நாளாகும் என்று சொன்னார்கள். அப்படியானால் வாசலிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார் தங்கராசா. பிரதீபனுக்கு விடுமுறை இன்னும் மூன்று கிழமை இருந்தது. அதை அவன் விட்டுவிட்டான். இரண்டு பேருக்கும் பிணையாகக் கையெழுத்து வைத்தவர் சிற்றம்பலம் மாஸ்டர். இந்த முறை முதுகில் தட்டவில்லை. பெடியனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, வந்தால் இங்கே அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கராசாவிடம் சொன்னார். பலகை எண்களோடு மட்டும் தொங்குவதாகவும், அதை அப்படியே விட்டுவிடப் போவதாகவும் பிரதீபனிடம் சொன்னார்.

சுரேகா இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு அலுவலக வாசல் வரை வந்தாள். சிறாஜின் கதையை அண்ணன் முதல்நாள் இரவே சொல்லியிருந்தான். விண்ணப்பத்தில் எதை முதல் போடுவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

"வவுனியாவில சிறாஜ் அண்ணாவைக் கண்டா, அவர் படிக்கிற இடத்தைப் பற்றிக் கேட்டு எழுதி அனுப்பு. வெக்கப்படாமச் சொல்லச் சொல்லு."

கேட்கிறேன் என்றான் பிரதீபன்.

அழகம்மா அரிசிமா, பயறு, சர்க்கரை எல்லாம் தேடி இடித்து, பயத்தம் உருண்டை செய்து பழைய மாப்பால் தகரப் பேணி ஒன்றில் நிறைத்துக் கொடுத்திருந்தாள். மகனுக்கு இல்லை, சுமனுக்கு. தங்கராசா அதை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கீழே வையுங்கோ, இஞ்ச ஒருத்தரும் எடுக்கமாட்டினம் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் வைக்கவில்லை.